கைக் கரப்பான்

தில்லியில் குளிர் தொடங்கியதும் நம் சங்கத்துக் குடும்பங்களில் கைவெடிப்பைப் பற்றிய பேச்சும் தொடங்கிவிடும். வெடிப்பெல்லாம் கரப்பானாகாது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதையோ, ஆண்டில் இருமுறைக்குக் குறையாமல் திரும்பி வருவதையோதான் நாட்பட்ட கைக் கரப்பான் என வைத்தியர்கள் கூறுவர். இஃது ஒட்டுவாரொட்டி நோயன்று. எனினும் இக்கை பரிமாறிய சோற்றை உண்ணத் தயங்குவோர் இன்னும் நம்மிடையே இருக்கின்றனர்.

நம்மில் பலர் செய்வது யாது? மருந்துக் கடைக்காரரையே வைத்தியராக்கி ஒரு களிம்பு வாங்குகிறோம். ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் கலந்த அக்களிம்பால் நான்கே நாளில் அரிப்பு அடங்கும், நிறுத்தியதும் மீளும். உண்மையில் வந்திருப்பது படர்தாமரையாயின், ஸ்டீராய்டின் மறைவில் அது மேலும் பரவும். இரு பாதங்களிலும் ஒரே கையிலும் செதிலுதிர்ந்தால் இந்த ஐயம் வலுக்கும். ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை வைத்தியர் சீட்டின்றி விற்கலாகாதென அரசாங்கம் 2018-இல் விதித்தது. கடைகள் கேட்டால்தானே!

அதற்காக ஸ்டீராய்டைக் கண்டு அஞ்சவும் வேண்டா. உள்ளங்கைத் தோல் தடித்தது. மொமெட்டசோன், குளோபெட்டசால் போன்ற வலிய மருந்தே அதில் ஏறும். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் ரேகை வரை பிதுக்கிய அளவு, அதாவது ஏறக்குறைய அரை கிராம், ஒரு கையின் இருபுறத்துக்கும் போதும். நெடுநாள் இடையறாது பூசினால் தோல் மெலியுமாதலால், வைத்தியர் சில வாரங்களில் அதனைக் குறைத்து டாக்ரோலிமஸ் களிம்புக்கு மாற்றுவதுண்டு.

இவற்றுக்கும் அடங்காதார்க்குப் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சை உண்டு. வாரந்தோறும் இருமுறையேனும் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருப்பது உத்தியோகஸ்தர்க்கு இடர்தான். அலிட்ரெட்டினாயின் மாத்திரையையும் அக்கதிர்ச் சிகிச்சையையும் ஒப்பிட்டு, பிரிட்டனில் 2024-இல் வெளியான ஆய்வில் 12 வாரங்களில் மாத்திரை முந்தியது. ஓராண்டு முடிவில் வேற்றுமை காணப்படவில்லை. கருவிலுள்ள சிசுவை அம்மாத்திரை ஊனப்படுத்துமாதலின், கருவுற்றவர் அதனை உட்கொள்ளவே கூடாது; கருத்தரிக்கக் கூடியவர் கண்டிப்பான கருத்தடையின்றி உட்கொள்ளலாகாது. ஸ்டீராய்டு அல்லாத டெல்கோசிட்டினிப் களிம்புக்கு ஐரோப்பாவில் 2024-இலும் அமெரிக்காவில் 2025-இலும் அனுமதி கிடைத்தது.

காரணத்தைக் கண்டறியாவிடில் எம்மருந்தும் பாதி வேலையே செய்யும். பூண்டுரிக்கையில் பல்லைப் பற்றும் இடக்கை விரல் நுனிகள் மட்டும் வெடித்தால் பூண்டையே முதலில் ஐயுறுக. ஐயம் தெளியாவிடில், ஒவ்வாப் பொருள்களை முதுகில் ஒட்டி இரண்டு நாள் கழித்து எடுத்து, நான்காம் நாள் மீண்டும் பார்க்கும் சோதனை இருக்கிறது. பாத்திரம் துலக்குகையில் ரப்பர் உறைக்குள் பருத்தி உறை அணிக. ஈரம் துடைத்தவுடன் வாசனையற்ற வாசலீன் பூசுக. வேலைக்காரப் பெண்ணுக்கும் ஒரு ஜோடி உறை வாங்கித் தருக.