சரளை மேட்டைத் தரிசு என்று எழுதாதீர்கள்

செங்குன்றத்துக்குப் பெயர் கொடுத்த சிவந்த சரளை மண், ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்து மேடுகளிலும் பரவிக் கிடக்கிறது. வருவாய்ப் பதிவேட்டில் இத்தகைய மேடுகள் பெரும்பாலும் தரிசு அல்லது மேய்க்கால் புறம்போக்கு. தொழிற்பேட்டைக்கு நிலம் தேடும்போது முதலில் கை வைப்பதும் இங்கேதான். விளையாத மண்ணில் ஆலை வந்தால் யாருக்கு நட்டம் என்று கேட்கிறார்கள். இந்தப் பகுதியில் விளையாத மேட்டை நம்பித்தான் விளையும் பள்ளம் இருந்துவந்திருக்கிறது என்பதே என் பதில்.

மண் ஏழை என்பது உண்மைதான். வெயிலும் அடைமழையும் மாறி மாறித் தாக்கும் வெப்ப நாடுகளில் சுண்ணாம்பும் சாம்பல் சத்தும் காலப்போக்கில் கரைந்து போய்விடுகின்றன. கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சுகின்றன. நாம் இடும் மணிச்சத்தைக்கூட அந்த இரும்பு பிடித்துவைத்துக்கொண்டு பயிருக்கு விடுவதில்லை. கேரளத்து அங்காடிப்புரத்தில் இந்த மண்ணைக் கல்லாக வெட்டி வீடு கட்டுவதைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-ல் வெளிவந்த நூலில், செங்கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து இதற்கு லேட்டரைட் என்று பெயரிட்டார். ஒரு பிடி அள்ளினால் சுண்டைக்காய் அளவில் துருக்கற்கள் உருளும், விரலெல்லாம் சிவப்பாகும். சரளை தளர்ந்த இடத்தில் ஒரு குடம் தண்ணீரைக் கொட்டினால் தேங்காமல் உள்ளே இறங்கிவிடும். இறுகிப் பாறையான இடத்தில் அதே தண்ணீர் சரிந்தோடி ஏரிக்குப் போகும்.

அந்த ஏரியை வைத்துத்தான் ஊர்கள் அமைந்தன. மேட்டில் மேய்ந்த மாட்டின் சாணம் நன்செய்க்கு எருவானது. புதரில் வெட்டிய ஆவாரந்தழையைச் சேற்றில் மிதித்தார்கள். மேட்டிலிருந்து அரித்து வந்து ஏரியில் படிந்த வண்டலைக் கோடையில் வண்டி வண்டியாக வயலுக்கு அடித்தார்கள். ஏழை மண்ணின் சத்தையெல்லாம் ஓரிடத்தில் திரட்டித்தான் கீழே நெல் விளைந்தது.

நன்செயை அழிப்பதைவிட மேட்டில் ஆலை கட்டுவது மேல் அல்லவா என்று கேட்கலாம். இரண்டில் ஒன்றுதான் என்றால், ஆம். ஆனால் நீர்வரத்தை அடைத்துவிட்டால் நன்செய் தானாகவே தரிசாகும். இனி எருவும் தழையும் எதற்கு, உரம் கிடைக்கிறதே என்பது இன்னொரு வாதம். உர மூட்டை சத்தைத் தரும், தண்ணீரைத் தராது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்துவிட்டது. அதைத் தள்ளி நிறுத்த, பெய்யும் மழை மண்ணுக்குள் இறங்கியாக வேண்டும். அதற்கு வழிவிடும் நிலத்தையா கான்கிரீட்டால் மூடுவது?

தேர்வாய்கண்டிகையில் மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பேட்டைக்குப் போனபோது ஊர்மக்கள் எதிர்த்தார்கள். மாட்டுக்கும் ஏரிக்கும் அந்த மேடுதான் ஆதாரம் என்பது அவர்களுக்குத் தெரியும். அதே ஊர் ஏரியையும் கண்ணன்கோட்டை ஏரியையும் இணைத்துத்தான் அரை டிஎம்சி கொள்ளும் நீர்த்தேக்கம் 2020-ல் சென்னைக் குடிநீருக்காகத் திறக்கப்பட்டது. தண்ணீர் தேக்க அந்த ஊரையே தேர்ந்தெடுத்த அரசு, ஏரிக்கு நீர் கொடுக்கும் மேட்டை மட்டும் எப்படித் தரிசு என்று எழுதும்?

ஆலைகளை மூடச் சொல்லவில்லை. அவற்றை நம்பிப் பல குடும்பங்கள் பிழைக்கின்றன. இனி ஒரு மேட்டை ஒதுக்குமுன் அதன் மழைநீர் எந்த ஏரிக்குப் போகிறது என்பதைப் பதிவேட்டில் எழுதட்டும். அந்த ஓடைகளையும் மேய்ச்சலுக்கு ஒரு பங்கையும் விட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் ஒதுக்கட்டும். ஆலைக்கூரையில் விழும் மழை ஏரிக்கே போய்ச்சேர வழி செய்யட்டும்.