ஆயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?

சனி, ஞாயிறு என்றால் கள்ளக்குறிச்சியிலிருந்து கோமுகி அணையைத் தாண்டி கல்வராயன் மலைக்கு வண்டிகள் ஏறிக்கொண்டே இருக்கும். மேகம் அருவி, பெரியார் அருவி என்று படமெடுத்து முடித்ததும் போன் திரும்புவது மனிதர்கள் பக்கம். விறகுச் சுமையோடு ஒரு மூதாட்டி வந்தால் போதும், காரில் இருந்தபடியே ஒரு கிளிக்! இங்கு வாழும் பெரும்பாலானோர் மலையாளி பழங்குடியினர் (கேரளாவுக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை). தன் முகம் யாருடைய ரீல்ஸில் ஓடுகிறது என்பது அந்த மூதாட்டிக்குத் தெரியவே போவதில்லை.

பச்சைக் கண் ஆப்கன் சிறுமியின் படம் நினைவிருக்கிறதா? 1984-ல் பாகிஸ்தான் அகதி முகாமில் ஸ்டீவ் மெக்கரி எடுத்தது. 1985 ஜூன் மாத 'நேஷனல் ஜியாகிரபிக்' அட்டையில் வந்து உலகமெங்கும் பரவியது. ஆனால் அவர் பெயர் ஷர்பத் குலா என்று உலகுக்குத் தெரிந்தது 2002-ல்தான். அதுவரை அந்தப் படத்தை அவர் பார்த்ததே இல்லை! யாரோ ஒரு அந்நியர் தன்னைப் படமெடுத்த கோபம் மட்டும் அவருக்கு மறக்கவில்லை.

ஜப்பானின் கியோட்டோவில் கெய்ஷாக்களைத் துரத்தித் துரத்திப் படமெடுத்த தொல்லை தாங்காமல், கியோன் பகுதித் தனியார் சந்துகளில் '10,000 யென் அபராதம்' என்று 2019-ல் போர்டே வைத்துவிட்டார்கள்.

கல்வராயனில் போர்டு தேவையில்லை. வண்டியை நிறுத்தி, இறங்கி, "ஆயா, ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். தலையாட்டினால் எடுத்து, முதலில் அவரிடமே காட்டலாம். முகத்தைத் திருப்பிக்கொண்டால் போன் பைக்குள் போக வேண்டியதுதான். சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம் கேட்க வேண்டும். பிள்ளை கையில் பத்து ரூபாயைத் திணித்துவிட்டு எடுப்பது, கேட்டு எடுத்ததாக ஆகாது.