கொடைக்கானலில் ராக் கச்சேரி: ஒளிந்து நடத்தினால் வம்பு!

செல்போனில் பாட்டு கேட்பது வேறு. கண் எதிரே டிரம்ஸ் அதிர, பாடகர் மேடையில் துள்ளிக் குதிக்க, கூட்டத்தோடு கூட்டமாக ஆடுவது வேறு. ராக் கச்சேரி என்றதும் வாலிபர்கள் மலை ஏறி ஓடுவது இதற்குத்தான். அதில் தப்பில்லை.

காட்டுக்குள் கூத்து

ஆனால் நடந்தது என்ன? 2020 பிப்ரவரியில் கொடைக்கானல் குண்டுப்பட்டி பக்கம், தனியார் இடத்தில் இரவு விருந்து. ஆட்டம், பாட்டம். போலீசார் சுற்றி வளைத்தனர். இருநூறுக்கும் மேற்பட்டோர் சிக்கினர். போதைப் பொருளும் பிடிபட்டது. இந்த மாதிரி இடத்தில் பாட்டுக்குப் போனவனும் போதைக்குப் போனவனும் ஒரே வரிசையில்தான் நிற்கணும்!

மலை தாங்குமா?

இரவு 10 மணிக்கு மேல் திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு விதி. சுற்றியுள்ள காடு 2013 முதல் சரணாலயம். காட்டுமாடு நடமாடும் இடம். ரோடும் குறுகல். 2025 கோடை சீசனில் வார நாளில் 4 ஆயிரம், சனி, ஞாயிறில் 6 ஆயிரம் வண்டிகளுக்கு மேல் கூடாது என்று ஐகோர்ட்டே வரம்பு போட்டது.

சமவெளியிலேயே திணறல்தான். 2023 செப்டம்பர் 10-ந் தேதி சென்னை பனையூரில் ஏ.ஆர்.ரகுமான் கச்சேரி. டிக்கெட் வாங்கியும் பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினர். மலையில் அப்படி நெரிசல் வந்தால் எங்கே ஓடுவது?

வழி உண்டு

மே மாதம் பிரையண்ட் பூங்காவில் கோடை விழா நடக்கிறது. அதில் ராக் குழுவுக்கும் ஒரு மாலைப் பொழுது ஒதுக்கலாம். இடத்துக்குத் தக்க டிக்கெட், இருட்டும் முன் முடிவு, வாசலில் போலீஸ். கடைக்காரருக்கும் நாலு காசு கிடைக்கும்.

போதை விற்கிறவன் ஒளியட்டும். பாட்டு கேட்கிறவன் எதுக்கு ஒளியணும்?