ஹெவி ட்யூட்டி ஷாக்கும் பின்சீட்டு முதுகுகளும்

பிக்கப் வண்டி வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் ஒரே வேதவாக்குதான். "பின்னாடி தூக்கிப் போடுதா? ஹெவி ட்யூட்டி ஷாக் மாத்திடுங்க சார்!" கல்லு மாதிரி இருந்தால் நல்ல ஷாக், கையால் அமுக்கினால் உள்ளே போகிறது என்றால் மட்ட ஷாக். இந்த நம்பிக்கை கயத்தாறிலும் உண்டு, இங்கே ஜெய்சல்மேரிலும் உண்டு. தேசிய ஒருமைப்பாடு என்பது இதுதானோ என்னவோ :-)

என் கட்சி வேறு. பின்னால் பட்டை ஸ்பிரிங் இருக்கும் வண்டிக்கு ஷாக் வாங்கும்போது "எவ்வளவு டைட்?" என்ற கேள்வியே தப்பு. எந்தத் திசையில் டைட், எவ்வளவு பாரத்துக்கு டைட் என்றுதான் கேட்க வேண்டும்.

இதில் நமக்கென்ன வந்தது என்று கேட்காதீர்கள். முப்பந்தல் பக்கம் காற்றாலையில் ஆணி பிடுங்கப் பழகிய நம்மவர்கள் (நிஜமாகவே ஆணி, நட்டு, போல்ட்டுதான்) இன்று ராஜஸ்தானிலும் கட்சிலும் சைட் சைட்டாகக் குடும்பத்தோடு இருக்கிறோம். வார நாளில் பல்சக்கரமும் எண்ணெய் டின்னும் சுமக்கிற அதே டபுள் கேபின் பிக்கப்தான் ஞாயிற்றுக்கிழமை தங்கமணி, குழந்தைகள், குளிர்காலத்துக்கு ஊரிலிருந்து வந்த பாட்டி எல்லோரையும் டவுனுக்குக் கூட்டிப் போகிறது. பொலீரோ கேம்பரோ, 2016ல் வந்த இசுசு வி-கிராஸோ, 2022ல் வந்த டொயோட்டா ஹைலக்ஸோ, எல்லாவற்றிலும் பின்னால் பட்டைதான். ஷாக்கைத் தேர்ந்தெடுக்கிறவர் முன்சீட்டில் உட்கார்கிறார். அடி வாங்குகிறவர்கள் பின் அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்கிறார்கள். பிரச்சினையே இங்கேதான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். அதிர்ச்சியைத் தாங்குவது ஷாக் அப்சார்பர் இல்லை, ஸ்பிரிங். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பத் திரும்ப ஆடாமல் அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. உள்ளே எண்ணெய், அதில் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் துளைகள், துளைகளை மூடியபடி மெல்லிய எஃகுத் தட்டுகள். ஷிம் என்பார்கள். சக்கரம் மேலே ஏறும்போது ஒரு பக்கத் தட்டுகள் வளைந்து எண்ணெய்க்கு வழி விடும். இது கம்ப்ரெஷன். கீழே இறங்கும்போது மறுபக்கத் தட்டுகள். இது ரீபவுண்ட். எந்தப் பக்கம் எத்தனை தட்டு, என்ன கனம் என்று முடிவு செய்வதுதான் வால்விங். இரண்டும் தனித்தனி. இரண்டையும் ஒரே "டைட்"டில் அடக்குவது சாம்பாருக்கு உப்பும் புளியும் ஒன்று என்று சொல்வது போல.

எண் வேண்டுமென்பவர்களுக்கு: பில்ஸ்டைன் கம்பெனி ஷாக்குகளில் 255/70, 360/80, 170/60 என்று குறிப்பார்கள். முதல் எண் ரீபவுண்ட், அடுத்தது கம்ப்ரெஷன். பிஸ்டன் வினாடிக்கு 0.52 மீட்டர் வேகத்தில் நகரும்போது 2550 நியூட்டன், 700 நியூட்டன் என்று அர்த்தம். ரீபவுண்ட் மூன்று மடங்குக்கு மேல்! ஏன்? சக்கரம் கல்லில் ஏறும்போது ஷாக் தடுத்தால், அந்த அடி நேராகப் பாடிக்கு, அங்கிருந்து பாட்டியின் இடுப்புக்கு. ஏறும்போது விட்டுக்கொடுத்து, திரும்பும்போது பிடித்து இழுப்பதுதான் புத்திசாலித்தனம்.

பட்டை ஸ்பிரிங்குக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நம்ம ஊர் வில் வண்டியை நினைத்துப் பாருங்கள். அதில் ஷாக்கே கிடையாது. ஆனாலும் ரப்பர் பந்து மாதிரி குதித்துக்கொண்டே போகவில்லை. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடும். (இங்கே ஹிந்தியில் பட்டைக்குப் பெயர் கமானி. கமான் என்றால் வில். எங்கே போனாலும் அதே வில்தான்!) ஆக, பல பட்டை அடுக்கிய ஸ்பிரிங்கில் ஏற்கெனவே ஓரளவு தடை இருக்கிறது. சின்ன அதிர்வுக்கு அது அசையக்கூட மாட்டேன் என்கும். அதன் மேல் முரட்டு ஷாக்கும் போட்டால் இரட்டைப் பூட்டு. பட்டைகள் நுனியில் மட்டும் தொட்டுக்கொள்ளும் பாராபோலிக் வகையில் உரசல் குறைவு, அங்கே ஷாக்குக்கு வேலை அதிகம். எனவே நண்பர் வண்டியில் நன்றாக இருந்த ஷாக் உங்கள் வண்டியில் நன்றாக இருக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

"அதெல்லாம் சரி, லோடு ஏத்தினா பின்னாடி உக்காருதே, அதுக்கு டைட் ஷாக் வேண்டாமா?" என்பார்கள். வேண்டாம். நிற்கிற வண்டியில் வால்வு எதையும் தாங்காது. எண்ணெய் நகர்ந்தால்தான் அதற்கு எதிர்ப்பே உண்டு. உட்கார்வதைத் தடுப்பது பட்டையின் வேலை. பட்டை தளர்ந்திருந்தால் பட்டையைச் சரிசெய்யுங்கள்.

ஆனால் பாரம் வால்விங்கை வேறு விதத்தில் பாதிக்கும். காலி வண்டியில் பின் அச்சின் மேல் நிற்கும் பாடியின் எடை 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 800 கிலோ ஏற்றினால் 1200, மூன்று மடங்கு. அதே ஸ்பிரிங்கில் ஆட்டத்தை அதே அளவு அடக்க, எடை விகிதத்தின் வர்க்கமூலம் அளவுக்குத் தடை கூட வேண்டும், அதாவது சுமார் 1.7 மடங்கு. கூடுதல் பட்டையும் சேர்ந்து வேலை செய்தால் இன்னும் அதிகம். காலி வண்டிக்குச் சரியான ஷாக் முழு லோடில் போதாது. முழு லோடுக்குச் சரியானது காலி வண்டியில் முரடு. இரண்டுக்கும் பொருந்தும் ஒரே ஷாக் கிடையாது. அதனால்தான் சொல்கிறேன், வருஷத்துக்கு நாலு முறை ஏற்றும் பெரிய பாரத்துக்காக வாங்காதீர்கள். பத்து நாளில் ஒன்பது நாள் என்ன சுமக்கிறீர்களோ அதற்கு வாங்குங்கள்.

இது வெறும் சொகுசு விஷயமும் இல்லை. இந்தப் பக்கத்து மண் பாதைகளில் சலவைக்கல் மாதிரி வரி வரியாக மேடு இருக்கும். மேடுக்கு மேடு 75 செ.மீ., வேகம் 40 கி.மீ. என்றால் வினாடிக்குச் சுமார் 15 அடி. ரீபவுண்ட் மிக டைட்டாக இருந்தால் சக்கரம் கீழே இறங்குவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். ஸ்பிரிங் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி ரப்பர் தடுப்பில் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஸ்பிரிங்கே இல்லாத வண்டிதான். சக்கரம் மண்ணைத் தொடாத நேரத்தில் பிரேக்கும் இல்லை, திருப்பத்தில் பிடியும் இல்லை. காலி பிக்கப்பின் பின்பக்கம் திருப்பத்தில் பக்கவாட்டில் நழுவுவதைப் பார்த்தவர்களுக்குப் புரியும்.

உங்கள் வண்டிக்கு என்ன குறை என்று வண்டியே சொல்லும். வேகத்தடை தாண்டியபின் இரண்டு மூன்று முறை ஆடுகிறதா? ரீபவுண்ட் போதவில்லை, அல்லது ஷாக் செத்துவிட்டது. வரிமேட்டில் போகப்போக இறுகுகிறதா? ரீபவுண்ட் அதிகம். ஒற்றைக் கல்லுக்கே முதுகில் குத்துகிறதா? கம்ப்ரெஷன் அதிகம், இல்லையென்றால் டயரில் காற்று அதிகம். முதலில் பார்க்க வேண்டியது இந்தக் காற்றைத்தான், காசே செலவில்லை. கரடுமுரடில் மெதுவாகப் போகும்போது குறைத்துக்கொள்ளலாம். தார்ச்சாலை ஏறும் முன் மறக்காமல் திரும்ப அடித்துவிடுங்கள். பட்டைகளுக்கு நடுவே துரு, தேய்ந்த புஷ், இதையெல்லாம் பார்த்துவிட்டு அப்புறம் ஷாக்கைத் திட்டுங்கள்.

கொசுறாக ஒன்று. ஷாக் எவ்வளவு சாய்ந்திருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் வேலை குறையும். செங்குத்திலிருந்து 30 டிகிரி சாய்ந்தால் சக்கரத்துக்குக் கிடைப்பது முக்கால்வாசி, 45 டிகிரியில் பாதி. வண்டியை உயர்த்துகிறேன் பேர்வழி என்று பிராக்கெட்டை இடம் மாற்றுபவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு வெல்டிங் மிஷினைத் தொடட்டும்.

கடைக்குப் போனால் மூன்று கேள்வி போதும். ரீபவுண்ட் எவ்வளவு, கம்ப்ரெஷன் எவ்வளவு? எந்த பாரத்துக்காகச் செய்தது? திருகி மாற்றும் வகை என்றால், திருகும்போது மாறுவது ரீபவுண்ட் மட்டுமா, இரண்டுமா? "ஹெவி ட்யூட்டி சார்" என்பதைத் தவிர வேறு பதில் வரவில்லையென்றால் அடுத்த கடையைப் பாருங்கள்.

மாற்றியபின் சோதனை ஓட்டத்தில் ஸ்டியரிங்கை வேறு யாரிடமாவது கொடுத்துவிட்டு நீங்கள் பின்சீட்டில் உட்காருங்கள். அரை மணி நேரம், மண் பாதையில். அதற்கு அப்புறம் பில்லைக் கட்டலாம்.

டிஸ்கி: நான் ஷாக் வியாபாரி இல்லை, எந்தக் கம்பெனிக்கும் ஏஜென்ட்டும் இல்லை. பின்சீட்டுக்காரர்கள் சங்கத்தின் கொள்கைப் பரப்புச் செயலாளர், அவ்வளவுதான்.