இல்லமும் தோட்டமும்: வேம்பின் அருகே ஒரு பட்டறை



கரிசல் பூமியில் வாழும் குடும்பத் தலைவர் ஒருவர் எழுதிய கடிதம் இம்மாதம் நமக்குப் பொருளாகிறது. அவர் வீட்டுக் கொல்லையில், தந்தையார் நட்ட வேம்பு ஓங்கி நிற்கிறது. தச்சுத் தொழில் பயின்று வந்துள்ள மகனுக்கு, அதிலிருந்து நான்கு மீட்டர் தள்ளிப் பட்டறை கட்டித்தர விரும்புகிறார். வேறு இடமில்லை. கொத்தனாரோ, "மரத்தை வெட்டிவிடுங்கள், இல்லையேல் சுவர் வெடிக்கும்" என்கிறாராம். "மகனின் பிழைப்பா, தந்தையின் மரமா?" என்று கேட்கிறார் அன்பர்.

இரண்டும் வாழ வழியுண்டு. ஆனால் கடப்பாரை தரையில் படுமுன்னரே திட்டமிட வேண்டும்.

மரம் எவ்வளவு உயரமோ வேரும் அவ்வளவு ஆழம் என்று பலர் நம்புகின்றனர். உண்மை அதுவன்று. பெரும்பாலான வேர்கள் ஒரு மீட்டர் ஆழத்துக்குள்ளேயே, கிளைகளின் நிழலையும் தாண்டிப் பக்கவாட்டில் பரவுகின்றன. காற்றும் நீரும் அங்கேதான் மிகுதி. ஆகவே, சுவருக்காகத் தோண்டும் நீண்ட பள்ளம் ஒரு பக்கத்து வேர்களையெல்லாம் அறுத்துவிடும். மரம் உடனே வாடாது. சில ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் பட்டுப்போகும். அல்லது ஒரு புயலில் மரமே சாயும். அப்போது அதன் கீழே மகன் வேலை செய்துகொண்டிருக்கக்கூடும்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும்? தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, அதன் 12 மடங்கு ஆரமுள்ள வட்டத்தைக் காக்க வேண்டும் என்பது பிரிட்டிஷ் தர விதி 5837 கூறும் கணக்கு. எளிய வழியும் உண்டு: அடிமரத்தைக் கயிற்றால் சுற்றி, அந்த நீளத்தை நான்கு முறை தரையில் வையுங்கள். சுற்றளவு 1.5 மீட்டரானால், 6 மீட்டர் வரை வேரின் உரிமை.

அன்பரின் பட்டறை இவ்வட்டத்துக்குள் விழும். எனவே சுவருக்குத் தொடர்ந்த கடைக்கால் வேண்டாம். தனித்தனித் தூண்களே தகும். தூண் குழிகளை முதலில் கையால் தோண்டிப் பாருங்கள். 25 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட வேர் எதிர்ப்பட்டால் அதை வெட்டாமல் தூணைச் சற்று நகர்த்துங்கள். கான்கிரீட்டின் சுண்ணச்சத்து வேரைத் தீண்டாதவாறு குழிக்குள் பிளாஸ்டிக் விரிப்பு இடுங்கள். தூண்களின் மீது, தரையைத் தொடாமல் உத்திரங்களை அமைத்து, அவற்றின் மேல் பலகைத் தளமும் இலேசான சுவரும் எழுப்பலாம்.

கொத்தனாரின் அச்சமும் பொய்யன்று. கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும். மரம் நீரை உறிஞ்சுவதால் சுருக்கம் மிகும். ஆயினும் மரத்தை வெட்டிவிட்டு உடனே கட்டுவது தீர்வாகாது. உறிஞ்சுவாரின்றி நீர் தங்க, மண் மீண்டும் உப்பிக் கட்டடத்தை மேலே தள்ளும். இத்தகைய மண்ணுக்கென்றே, அடிப்பகுதி குமிழ்போல் அகன்ற தூண்களை ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியது. மண் அசையாத ஆழத்தில் அவை ஊன்றி நிற்கும். இது பொறியாளர் மேற்பார்வையில் செய்ய வேண்டிய பணி. அச்செலவில் சிக்கனம் வேண்டாம்.

வேலை நடக்கும் நாள்களிலும் கவனம் தேவை. வட்டத்துக்குள் மணல், செங்கல் குவிக்காதீர்கள், வண்டியை நிறுத்தாதீர்கள், சிமெண்டுக் கலவை கழுவிய நீரை ஊற்றாதீர்கள். மண் இறுகினால் வேர் மூச்சடைத்துப்போகும். காய்ந்த கிளைகளை முன்னரே அகற்றிவிடுங்கள். கூரை நீரை வடித்து மரத்தடிக்கே விடுங்கள்.

அன்பரே, இவ்வாரமே கயிறும் சுண்ணாம்புப் பொடியும் கொண்டு அந்த வட்டத்தை வரையுங்கள். மகனையும் கொத்தனாரையும் அருகில் நிறுத்தி வரையுங்கள். தந்தையார் நட்ட நிழலில் பேரன் இழைப்புளி பிடிக்கும் நாளை, அந்தக் கோட்டிலிருந்தே தொடங்கலாம்.