நாமும் கற்போம்: குரலுக்கு மெருகு



"மாஸ்ரர்" என்றால் எங்களுக்குப் பள்ளிக்கூட வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வருவார். ஒலிப்பதிவுத் துறையில் அந்தச் சொல் மூலப்பிரதியைக் குறிக்கும். எத்தனை பிரதிகள் எடுத்தாலும் அவை எல்லாம் அந்த ஒன்றிலிருந்துதான் எடுக்கப்படும். அந்த மூலப்பிரதியை ஆயத்தம் செய்யும் கடைசி வேலைக்கு "மாஸ்ரரிங்" என்று பெயர்.

தையல் தெரிந்த சகோதரிகளுக்கு இது இலகுவாக விளங்கும். சட்டையை வெட்டித் தைத்து முடித்த பிறகு, தொங்கும் நூலை நறுக்குகிறோம், மடிப்பைச் சரிபார்க்கிறோம், அயன் பண்ணுகிறோம். மாஸ்ரரிங்கும் அப்படித்தான். பிழையாக வெட்டிய சட்டையை அயன் பண்ணித் திருத்த முடியாது. மோசமாகப் பதிந்த குரலையும் கடைசி வேலையில் முழுவதாகத் திருத்த முடியாது.

இது ஆண்களுக்குரிய தொழில் என்று ஒதுங்க வேண்டாம். எமிலி லாசர் என்ற அமெரிக்கப் பெண் மாஸ்ரரிங் வேலைக்காக 2019 இல் கிராமி விருது பெற்றார். செவ்வியல் அல்லாத இசைத்தொகுப்பின் சிறந்த ஒலிப்பொறியியலுக்கான அந்த விருதை வென்ற முதலாவது பெண் மாஸ்ரரிங் பொறியியலாளர் அவர்தான்.

இனி நான் விட்ட ஒரு பிழையைச் சொல்கிறேன். பாடம் அதற்குள் இருக்கிறது.

வெளிநாட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாகக் கசற்றில் பேசி அனுப்பிய காலம் உங்களுக்கு நினைவிருக்கும். ஒரு தங்கச்சியின் தாயார் அப்படி மூத்த மகனுக்குப் பேசி அனுப்பியிருந்தார். தாயார் 2009 இல் இடப்பெயர்வின்போது இறந்துவிட்டார். வீட்டில் ஒரு படம்கூட மிஞ்சவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு தமையன் அந்தக் கசற்றைத் திருப்பி அனுப்பினார். "அக்கா, ஒரே இரையுது. துப்பரவாக்கித் தாங்கோ" என்று அவள் என்னிடம் கொண்டுவந்தாள்.

நான் அப்போதுதான் பழகத் தொடங்கியிருந்தேன். இரைச்சலைக் குறைக்கும் கருவியை மிகவும் கூட்டி வைத்தேன். பேச்சின் இடைவெளிகளை எல்லாம் சத்தமில்லாமல் அழித்தேன். பெரிய வேலை செய்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அவள் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அக்கா, இது அம்மான்ர குரல்தான். ஆனா அம்மா எங்க இருந்து கதைக்கிறா எண்டு தெரியேல்லை" என்றாள்.

நல்ல காலம், முதற் பதிவை நான் அழித்திருக்கவில்லை. அதைத் திரும்பவும் போட்டுக் கேட்டேன். இடைவெளிகளில் துலா கிறீச்சிடுகிறது, சேவல் கூவுகிறது, அடுத்த சொல்லுக்கு முன் தாயார் மூச்செடுக்கிறார். நான் வெட்டியெறிந்தது இவற்றைத்தான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வேலை ஒழுங்கைக் கீழே தருகிறேன்.

1. கசற்றின் மேல் விளிம்பிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் துண்டுகளையும் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன்மேல் வேறெதுவும் பதியாது. றெக்கோடரின் தலையை ஐசோபுரோப்பைல் அல்ககோல் தொட்ட பஞ்சினால் துடையுங்கள். தேவையில்லாத ஒரு கசற்றை முதலில் ஓடவிட்டு, நாடா சிக்குகிறதா என்று பாருங்கள்.

2. கணினியில் ஓடாசிற்றி என்ற மென்பொருளை நிறுவுங்கள். அது இலவசம். பதியும்போது அதிகூடிய சத்தம் −6 டெசிபெல் அளவில் நிற்கட்டும். 0 வைத் தொட்டால் குரல் உடையும், பிறகு ஒட்ட வைப்பது கடினம். பதிந்ததை "வேவ்" கோப்பாகச் சேமியுங்கள். ஸ்ரீரியோவில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 10 மெகாபைற் இடம் பிடிக்கும்.

3. அந்தக் கோப்பைப் பிரதி எடுத்து, பிரதியில் மட்டும் வேலை செய்யுங்கள். இது மாறாத விதி.

4. 80 ஹேர்ட்சுக்குக் கீழுள்ள மீடிறன்களைக் குறையுங்கள். எங்கள் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் அதன் உறுமல் அங்கேதான் இருக்கும். பெண் குரலின் அடிப்படை மீடிறன் அதற்கு நன்கு மேலே இருப்பதால் குரலுக்குச் சேதம் வராது.

5. பேச்சில்லாத, நாடா இரைச்சல் மட்டும் கேட்கும் ஓரிரு செக்கனைத் தெரிவுசெய்து, மென்பொருளுக்கு மாதிரியாகக் கொடுங்கள். பிறகு 6 முதல் 9 டெசிபெல் மட்டும் குறையுங்கள். குரல் தண்ணீருக்குள் இருந்து வருவதுபோலக் கேட்டால் கூடிவிட்டது என்று அர்த்தம்.

6. கடைசியாக உரப்பைச் சரிசெய்யுங்கள். உரப்பை அளக்கும் அலகு எல்.யு.எப்.எஸ். ஐரோப்பிய ஒலிபரப்பாளர்கள் 2010 இல் −23 என்ற அளவை வகுத்தார்கள். இணையத்தில் கேட்கும் பேச்சு நிகழ்ச்சிகளுக்கு அப்பிள் நிறுவனம் −16 ஐப் பரிந்துரைக்கிறது. கைத்தொலைபேசியில் கேட்பதற்கு இந்த −16 நல்ல அளவு. உச்சம் −1 டெசிபெலைத் தாண்ட விடாதீர்கள்.

இத்தனைக்கும் மேலான கருவி உங்கள் காது. கூடிய சத்தம் எப்போதும் நல்லதுபோலத் தோன்றும், அது காதை ஏமாற்றும். ஆகவே பழையதையும் புதியதையும் ஒரே உரப்பில் வைத்து ஒப்பிடுங்கள். இயர்போன், கைத்தொலைபேசி, வீட்டு றேடியோ மூன்றிலும் போட்டுப் பாருங்கள். காது களைத்தால் நிறுத்திவிட்டு, அடுத்த நாள் காலையில் கேளுங்கள். நேற்றுத் தெரியாத பிழை அப்போது தெரியும்.

இதைக் கற்றவுடன் காசு கொட்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் மரண அறிவித்தல், கோயில் திருவிழா அறிவித்தல், முன்பள்ளிப் பாடல், பழைய கசற்றுகளைக் கணினிக்கு மாற்றுதல் என ஊரிலேயே சிறு வேலைகள் உண்டு. முதலில் உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரின் கதையைப் பதிந்து பழகுங்கள்.

அந்தத் தங்கச்சி இரண்டாம் முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். இரைச்சல் முற்றாகப் போகவில்லை, கொஞ்சம் இருந்தது. சேவல் கூவிய இடத்தில் சிரித்தாள்.

"எங்கட வீடு கேக்குது அக்கா" என்றாள்.

எதை எடுக்கலாம், எதை விடவேண்டும் என்று அன்றைக்குத்தான் நான் கற்றுக்கொண்டேன். நீங்களும் வெட்டுவதற்கு முன் ஒருமுறை முழுவதையும் கேளுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.