ஒஸ்டினைப் பழைய இரும்பாக விற்காதீர்கள்

யாழ்ப்பாணத்திலும் ஊர்காவற்றுறை, வேலணைப் பக்கங்களிலும் இன்றும் கண்ணில் படும் ஒஸ்டின் ஏ40, மொரிஸ் மைனர் கார்களைத் திருத்தி ஓடவைப்பதைப் பணக்காரர் பொழுதுபோக்கென்று ஒதுக்குவது தவறு. 1990களில் போரினால் எரிபொருள் தடை வந்தபோது இந்த மண்ணில் ஓடியவை இவைதான். காபரேற்றரில் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின் அதைத் தாங்கியது. நோயாளியும் மணப்பெண்ணும் மண்ணெண்ணெய்ப் புகை நடுவேதான் பயணித்தார்கள். அந்தக் கைவித்தை காரின் கையேட்டில் இருந்ததல்ல, நம் கராஜ்களில் கைவந்தது.

புகையும் பாதுகாப்பும் பற்றிய கவலை நியாயமானதே. ஆனால் மண்ணெண்ணெய்க் காலம் போய்விட்டது; பெற்றோலில் ஒழுங்காகச் சீர்செய்து, பிரேக்கைப் புதுப்பித்து, எப்போதாவது ஓடும் சில கார்களால் காற்று கெட்டுவிடாது. இந்தக் கார்களுக்குப் பெரிய பகை உப்புக்காற்றுதான். யாழ்ப்பாணத்திலிருந்து வேலணைக்குப் போகும் பண்ணைத் தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். கதவின் அடித்தகடும் சேசிஸும் உள்ளிருந்தே துருப்பிடிக்கும். செலவு அதிகம் என்பார்கள். உண்மைதான், அந்தச் செலவு பலருக்கும் பயன்படவேண்டும் என்பதால்தான் திருத்தவேலை பூட்டிய கராஜுக்குள் நடக்கக்கூடாது. ஒரு காரைப் பொது இடத்தில் பிரித்து, ஆர்வலர்கள் பார்க்க, தொழில்நுட்பக் கல்லூரி மாணவர் குறிப்பெடுக்க, மூத்த மெக்கானிக்குகளைக் கொண்டு மீண்டும் பூட்டவேண்டும். அவர்களுக்கு வயதாகிவிட்டது, இந்த வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிப்போட முடியாது.